வில்லின் பிடித்தோலுக்கு அடியில்

அந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் காதில் விழும் முதல் வார்த்தை, "கதவச் சாத்து!"

வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்பதெல்லாம் அப்புறம். தபால்காரர் வந்தாலும் அதே கதைதான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தாலும் அதேதான். மரத்தில் வில் செய்கிற வீடு அது. வீட்டின் பின்பாதியில் ஓர் அறை. அதில் பதினாறு வில் கட்டைகள் இரண்டு முனையிலும் மெழுகு பூசிக்கொண்டு, சட்டங்களின்மேல் படுத்தபடி ராஜபோகமாகக் காய்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு வெளிக்காற்று ஆகாது, வெயில் ஆகாது, மழை ஆகாது. பக்கத்திலிருக்கும் சமையலறையில் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டால் அதுவும் ஆகாது. ஜன்னல்களை ஆணி அடித்து மூடி எத்தனையோ காலமாகிவிட்டது.

மரத்தின் குணம் அப்படி. வெட்டி எத்தனை வருஷமானாலும் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் கக்கிக்கொண்டும்தான் இருக்கும். ஈரம் கூடினால் வில் சோம்பேறியாகிவிடும். வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும், அம்பு ஆடி அசைந்து போகும். ஈரம் குறைந்தால் வேகம் வரும், ஆனால் வில்லுக்கு முரட்டுத்தனமும் கூடவே வந்துவிடும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல், இழுத்த இழுப்பில் முகத்துக்கு நேரே படீரென்று ஒடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது. அந்த இடத்தில் பதினாறு கட்டைகளையும் பிடித்து நிறுத்துவதுதான் அந்த வீட்டுக்காரியின் வேலை. சுவரில் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதன் முள் நாற்பத்தைந்தில் நிற்க வேண்டும். இறங்கினால் தட்டில் தண்ணீரை நிரப்பி மேலே ஈரத்துணியைத் தொங்கவிட வேண்டும். ஏறினால் துணியை எடுத்துவிட்டு மூலையிலிருக்கும் இரண்டு குண்டு பல்புகளை எரியவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, இருபத்தோரு வருஷமாக.

அதனால்தான் தெருவில் அவளுக்கு நாப்பத்தஞ்சு என்று பெயர். முப்பது வயதில் அவளை 'நாப்பத்தஞ்சு அக்கா' என்று கூப்பிடும்போது, தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், "அடேயப்பா, வயசே தெரியலயே!" என்று வாயைப் பிளப்பார்கள். அவளுக்கும் சிரிப்பு வரும். இந்த வருஷம் அவளுக்கு நிஜமாகவே நாற்பத்தைந்து முடிந்தது. இப்போது யாரும் வாயைப் பிளப்பதில்லை, அவளும் சிரிப்பதில்லை.

குளித்துவிட்டுத் தலை காயாமல் அந்த அறைக்குள் போகக்கூடாது. மழை நாளில் துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடக்கூடாது. உதடு வெடித்தால் காற்று காய்கிறது என்று அர்த்தம், முடி சுருண்டால் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். மீட்டரைப் பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். "இவளுக்கு உடம்பே மீட்டர்தான், பொண்ணு பாக்கப் போனப்ப தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமா கட்டியிருப்பேன்" என்று அவள் கணவர் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். அவர் கெட்டவர் இல்லை. கையில் உளி இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாத மனிதர். குரலை உயர்த்திப் பேசியதுகூடக் கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வாயால் சொல்ல வேண்டியதைக் கண்ணால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் கண் போகிற இடம் வாசற்படிக்கு மேலே இருந்தது. அங்கே ஓர் ஆணியில், பிடியோடு சேர்ந்த அரை வில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒடிந்த வில்லின் கீழ்ப்பாதி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் தன் தங்கையின் கல்யாணத்துக்காக ஐந்து நாள் ஊருக்குப் போனாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் வீட்டைப் பூட்டாமல், கதவைச் சாத்தாமல், கவலையில்லாமல் இருந்தது அந்த ஐந்து நாள்தான். பன்னிரண்டாம் தேதி போனாள், பதினேழாம் தேதி திரும்பினாள். வந்து பார்த்தால் தண்ணீர்த் தட்டு ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. மறுநாள் நடந்த போட்டியில், அந்த வாரம் இங்கிருந்து போன வில் மூன்றாவது அம்பிலேயே வெடித்தது. இழுத்துக்கொண்டிருந்தது பத்தொன்பது வயதுப் பெண். துண்டு பறந்து கன்னத்தைக் கிழித்தது. இன்னும் ஓர் அங்குலம் மேலே போயிருந்தால் கண்.

"தட்டுல தண்ணி இல்ல. காத்து வேற அப்பிடி அடிச்சுது. காஞ்சிருச்சு" என்றார் கணவர். அவ்வளவுதான் சொன்னார். நீ போனதால்தான் என்று சொல்லவே இல்லை. ஒடிந்த பாதியைக் கொண்டுவந்து வாசலுக்கு மேலே மாட்டினார். "கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்" என்றார்.

அவள் தானாகவே கிளம்பி அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "என் தப்புதாம்மா. நான் ஊர்ல இல்ல. தண்ணி வெக்க ஆள் இல்ல" என்றாள். அந்தப் பெண்ணின் தாய் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்ணு தப்பிச்சுது, அதனால நீயும் தப்பிச்ச. போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்திய சத்தம் இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

ஐந்து நாளில் ஒரு வில் அப்படிக் காயுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்ணெய் பூசிய வில் ஐந்து நாளில் மூன்று நாலு கிராமுக்கு மேல் இழக்காது. அவளுக்கே அது அத்துப்படி. ஆனால் குற்றவுணர்ச்சி வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்? போகும் முன்பு நாம்தான் எடையைத் தப்பாகப் பார்த்துவிட்டோம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா இறந்த செய்தி வந்தபோது வறண்ட காற்று ஊரையே உரித்துக்கொண்டிருந்தது. அறை நிறைய கட்டைகள். பையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றவள் கணவரைப் பார்த்தாள். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வாசலுக்கு மேலே பார்த்தார். அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகிற சத்தத்தைத் தங்கை போனைப் பிடித்துக் கேட்க வைத்தாள். இவள் ஈரத்துணியைப் பிழிந்தபடியே அதைக் கேட்டாள்.

இந்த நிலையில்தான் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நாங்க வெளிநாடு போற தேதி வந்திருச்சு. இன்னும் இருபத்திரண்டு நாள்ல கப்பல். அவருக்கு அங்கயே நிரந்தர வேலை. திரும்பி வர்றது எல்லாம் சும்மா பேச்சுக்கா."

"அப்பிடியா" என்றாள் இவள்.

"அப்பிடியாவா? இந்தா பாரு, என் பையனுக்கு ஏழு வயசாகுது. பெரியம்மான்னா போன்ல வர்ற சத்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். நீ பத்து நாள் வந்து இரு. வரலன்னா நான் இனிமே உன்னக் கூப்பிடவே மாட்டேன், ஆமா சொல்லிட்டேன்."

"இங்க பதினாறு கட்ட கெடக்குடி."

"தெரியும் தாயே உன் கட்டையப் பத்தி! அதுக்குத்தான் ஒரு மெஷின் அனுப்பியிருக்கேன். நாப்பத்தஞ்சுன்னு வெச்சா, தானா ஆவி விடும், தானா நிக்கும். உன் இடத்துக்கு அது, என் இடத்துக்கு நீ."

இரண்டு நாளில் மெஷின் வந்தது. வாயில்லாத கூஜா மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி. கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இத நம்பி பதினாறு வில்ல விட முடியுமா?" என்றார்.

"பத்து நாள் சோதிச்சுப் பாப்போம். நான் தட்ட எடுத்துர்றேன், துணிய எடுத்துர்றேன். இது மட்டும் ஓடட்டும். நின்னுச்சுன்னா நான் போறேன்."

"எத வெச்சு சோதிப்ப? முள்ள மட்டும் நம்ப முடியாது. கட்டைங்க எல்லாம் இன்னும் எறங்கிக்கிட்டேதான் இருக்கு."

அவர் சொன்னதும் சரிதான். காய்கிற கட்டை தினமும் எடை குறையும். அதை வைத்து அறையை அளக்க முடியாது. எடை ஏறாமல் இறங்காமல் ஒரு நிலைக்கு வந்துவிட்ட பழைய மரம் வேண்டும். எண்ணெய் முழுதாக மூடாத, வெட்டுவாய் திறந்த மரமாக இருந்தால் ஈரம் கொஞ்சம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். யோசித்துக்கொண்டே அவள் நிமிர்ந்தாள். வாசலுக்கு மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது.

கணவர் பட்டறைக்குப் போன பிறகு முக்காலி போட்டு அதை இறக்கினாள். தூசி தட்டி அறைக்குள் கொண்டுபோனாள். ஒரே ஓர் இடைஞ்சல். பிடியைச் சுற்றித் தோல் தைத்திருந்தது. தோல் மரத்தைவிட வேகமாக ஈரம் குடிக்கும். அது இருந்தால் எடை ஆடும். சின்னக் கத்தியை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வில் முடிந்து, பிடிக்குத் தோல் சுற்றும் முன்பு, கடைசியாக ஒரு தடவை எடை பார்ப்பார்கள். எடையையும் தேதியையும் பிடியின் வெறும் மரத்தில் பென்சிலால் எழுதுவார்கள். பிறகுதான் தோல். பத்து வருஷம் கழித்து வில் பழுதுக்கு வந்தால் தோலைப் பிரித்துப் பார்த்து, இத்தனை கிராம் ஏறியிருக்கிறது, இத்தனை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். எடையை எழுதாமல் தோல் சுற்றுவதில்லை. கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்.

தோல் கழன்று விழுந்தது. உள்ளே இரண்டு வரி இருந்தது.

மேல்வரி அவள் கையெழுத்து. கருப்புப் பென்சில். 600, பன்னிரண்டாம் தேதி. சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். நாலு பேரிடம் சத்தியம் செய்யலாம், அவ்வளவு தெளிவான எழுத்து.

கீழ்வரி நீலப் பென்சில். நீலப் பென்சில் பட்டறையில் மட்டும்தான் இருக்கும். 572, பதினாறாம் தேதி.

நாலு நாளில் இருபத்தெட்டு கிராம். எந்தக் காற்றும் அப்படிக் குடிக்காது. புயலே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் குடிக்காது. இருபத்தெட்டு கிராமைக் குடிக்கக்கூடியது அந்த வீட்டில் ஒன்றுதான்: பட்டறை மூலையில் இருக்கும் பல்புப் பெட்டி. உள்ளே ஆறு பல்பு எரியும். பச்சைக் கட்டையின் முனைத்துண்டுகளைச் சுடவைத்து ஈரத்தின் அளவைப் பார்க்க அவர் செய்து வைத்தது. முடிந்த வில்லை அதற்குள் வைக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவரும் அவர்தான்.

அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பாவி மனுஷா, பாவி மனுஷா என்று வாய் மட்டும் முணுமுணுத்தது. அம்மாவின் முகம் வந்தது. போனில் கேட்ட சத்தம் வந்தது. அந்தத் தாய் ஏற இறங்கப் பார்த்த பார்வை வந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும், இல்லையா? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அரை வில்லைத் தராசில் வைத்தாள். 341 கிராம். ஒரு தாளில் எழுதினாள். மெஷினை ஓடவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பதினாறு கட்டைகள் என்ன பாவம் செய்தன?

மதியம் சாப்பிட வந்த கணவர் வாசலில் நின்றுவிட்டார்.

"மேல இருந்தது எங்க?"

"எட பாக்க எடுத்தேன்."

அவர் செருப்பைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"தோல... பிரிச்சியா?"

"தோலு ஈரம் குடிக்கும்ல. பிரிச்சுத்தான ஆகணும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை கழுவப் போனவர் வெகுநேரம் கழுவினார். அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

அப்படியே பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளை நினைத்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது. ஜன்னல் ஆணி அடித்த வீடு, சாத்திய கதவு, உள்ளே இரண்டு பேர். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது? அவர் திடீரென்று நல்லவராகிவிட்டார். அவளுக்கு முன்னால் எழுந்து டீ போட்டார். தையல்காரம்மா வந்தபோது தானே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "என்னடி இது, உன் வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று தையல்காரம்மாவே காதைக் கடித்தாள். இவளோ தினமும் காலையில் அரை வில்லை எடை போட்டாள். 341. 341. 342. 341. சொல்லட்டும், அவரே வந்து சொல்லட்டும் என்று ஒவ்வொரு நாளும் காத்தாள். அவர் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார்.

பத்தாம் நாள் 341. மெஷின் ஜெயித்துவிட்டது. அவள் பையில் துணியை அடுக்கினாள். பிறகு முக்காலியைப் போட்டு ஏறி, அரை வில்லைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். தோல் இல்லாமல், எழுத்து வெளியே தெரியும்படி.

பின்னால் அவர் வந்து நின்றார்.

"அத உள்ள வெச்சிரலாம்ல" என்றார், அடித்தொண்டையில்.

"ஏன்? பதினோரு வருஷமா அங்கதான இருக்கு. கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு வேகம் பத்தல, பத்தலன்னு நச்சரிச்சுது. ரெண்டு நாள் பெட்டில வெச்சா கொஞ்சம் துடிப்பு வரும்னு நெனச்சேன். இம்புட்டு எறங்கும்னு நெனைக்கல."

"அந்தப் பொண்ணு வேகந்தான் கேட்டுச்சு. காயம் கேக்கல."

"எட பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. திருப்பி ஈரம் ஏத்த நாள் இல்ல. போட்டி ரெண்டு நாள்ல..."

"தெரிஞ்சே குடுத்தீங்க."

அவர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார். "எழுதாமயே தோல சுத்தியிருக்கலாம். கை கேக்கல" என்றார்.

"கை கேக்கல. வாய் மட்டும் நல்லா கேட்டுச்சாக்கும்? எங்கம்மா போனப்ப நான் பைய வெச்சுக்கிட்டு நின்னேனே, அப்பக்கூட அது தொறக்கலயே? அந்த ஆணிய ஒரு பார்வ பாத்தீங்களே, அந்தக் கண்ணு அவிஞ்சு போயிருக்கக் கூடாதா!"

அவள் இதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேசி முடித்ததும் அவளுக்கே பகீரென்றது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பையைத் தூக்கினாள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால், வில்வித்தை சொல்லிக்கொடுக்கிற கோச். பழுதுபார்க்கக் கொடுத்திருந்த வில்லை வாங்கிப்போக வந்திருந்தாள். முப்பது வயது, குட்டையாக வெட்டிய முடி, இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே கோணலாக ஒரு தழும்பு. ஆமாம், அதே பெண்தான். அவ்வளவு நடந்தும், தன் அம்மா தவறிய பிறகும், அவள் இந்த வீட்டை விடவில்லை. இப்போது தன்னிடம் படிக்கிறவர்களுக்கும் இங்கேதான் வில் வாங்குகிறாள். வரும்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போவாள்.

வந்த பழக்கத்தில் அவள் கதவைச் சாத்தக் கையை நீட்டினாள். நீட்டிய கை நின்றது. மேலே பார்த்தாள். தொழில் தெரிந்தவளுக்கு அதைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? 600. 572. ஒரு கருப்பு, ஒரு நீலம். கீழே இருந்த தேதியைப் படித்ததும் அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பதினாறாம் தேதி நீங்க ஊர்லயே இல்லயேக்கா" என்றாள் கோச்.

"இல்லம்மா."

"எங்கம்மாகிட்ட வந்து நின்னீங்களே. என் தப்பு, என் தப்புன்னு சொன்னீங்களே. நான் உள்ள கட்டுப் போட்டுப் படுத்துக்கிட்டே கேட்டேன்."

அக்காவுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. பத்து நாளாக வராத அழுகை. அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உள்வாசலில் நின்றுகொண்டிருந்தார், காதில் நீலப் பென்சிலோடு. கோச்சும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அந்த மனிதர் கண்ணைத் திருப்பிக்கொள்ள அந்த வீட்டில் ஓரிடம் மிச்சமில்லை. வாசலுக்கு மேலேகூட இல்லை.

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று அக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

"இரு" என்றார் அவர். குரல் பிசிறியது. "இந்தா, கொஞ்சம் இரு. நீயும் கூட நில்லு. நான்... நான் சொல்லிர்றேன். நீ பக்கத்துல மட்டும் இரு."

இருபத்தோரு வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு மனசு ஒரு நொடி இளகத்தான் செய்தது. பொய் சொல்லக்கூடாது, கால்கூட ஓரடி உள்பக்கம் திரும்பியது.

"அவங்க வாசலுக்கு நான் தனியாத்தாங்க போனேன்" என்றாள்.

வாசற்படியைத் தாண்டி இறங்கி, தெருவில் நடந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் அகலத் திறந்து கிடந்தது. பழக்கதோஷத்தில் தெருமுனை வரை காதைத் தீட்டிக்கொண்டே போனாள். சாத்தச் சொல்லி யாரும் கத்தவில்லை.